நடுக்கள ஆட்டக்காரர்

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை நாம் மாணாக்கர் சிலருடன் அமிர்திக் காட்டிற்குச் சென்றிருந்தோம். அருவியைக் கண்டு மீண்டு, கட்டுச்சோறுண்டு இளைப்பாறிய பின்னர், ஓடையருகே மணற்பாங்கான ஓரிடத்தில் உதைபந்தாட்டம் தொடங்கிற்று. ஒரு கட்சியார் இரண்டு கோல் போட்டு வென்றனர். போட்டவனைத் தோழர் தோள்மேல் தூக்கி ஆரவாரித்தனர். அவ்விரு முறையும் எதிரிகளிடமிருந்து பந்தைப் பறித்து அவன் காலடியிற் சேர்ப்பித்த மாணாக்கனோ, ஒருபுறம் அமர்ந்து உள்ளங்காலில் தைத்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவனை வினவுவார் ஒருவருமிலர். அம்முள்ளே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

அம்மாணாக்கன் ஆடிய இடத்தை முற்காலத்தார் 'ஹாப் பேக்' என்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கோல் காப்பவர் நீங்கலாக எஞ்சிய பதின்மரைப் பின்னே இருவர், நடுவே மூவர், முன்னே ஐவர் என வகுத்து நிறுத்துவது வழக்கம். இக்காலத்தில் அவ்வகுப்பு மாறி நடுவே நிற்போர் தொகை பெருகிற்று. காரணம் எளிது. நடுக்களம் எவர் வசமோ, பந்தும் பெரும்பாலும் அவர் வசமே. அங்கு ஆடுவோர் ஓர் ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுவதுண்டு. வேலூரிலிருந்து அமிர்திக்கு உள்ள தூரத்திற் பாதியென்று கொள்ளலாம். அவ்வளவு ஓடியும் மறுநாட் பத்திரிகையில் அவர் பெயர் வாராதிருத்தல் கூடும்.

இத்தொழிலில் நம் நாட்டிற் பெயர் பெற்றவருள் மைக்கேல் சூசைராஜ் ஒருவர். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், தூத்தூரை அடுத்துள்ள இரவிபுத்தன்துறை அவருடைய ஊர். அப்பகுதியார் ஆழ்கடலிற் சென்று மீன்பிடிப்பதிற் புகழ் பெற்றவர், பந்தாட்டத்திலும் அவ்வாறே. மணலில் ஓடிப் பழகிய காலுக்குப் புற்றரை பஞ்சு மெத்தை போலாம் என்பது நம் எண்ணம். அமிர்தி மணலில் கால் மணி நேரம் ஓடிப் பார்த்தபின் உண்டான எண்ணம் அது.

அவர் சென்னை சிட்டி அணியிற் சேர்ந்து ஐ-லீக் போட்டிகளில் ஆடினார். 2017-18ஆம் பருவத்தில் அப்போட்டியின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் என்னும் விருது அவருக்குக் கிடைத்தது. அப்பருவம் தொடங்கிய சில நாட்களுள், 2017 நவம்பர் இறுதியில், ஒக்கிப் புயல் வீசிற்று. தூத்தூர்ப் பகுதிக் கடற்றுறைகளிலிருந்து கடலுக்குச் சென்றோர் பலர் மீளவில்லை. ஊர் முழுதும் கரையில் நின்று கடலையே நோக்கிக்கொண்டிருந்த அம்மாதங்களில்தான், அவ்வூர்ப் பிள்ளை தொலைவிலுள்ள களங்களிற் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தார். விருதைப் பற்றிப் படிப்போர் இதனையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

2018இல் ஐ.எஸ்.எல். போட்டிக்கென ஜம்ஷெட்பூர் அணியிற் சேர்ந்தார். அவர் நீங்கிய அப்பருவத்திலேயே சென்னை சிட்டி ஐ-லீக் பட்டத்தை வென்றது! தொழின்முறை ஆட்டத்தில் இத்தகைய விளையாட்டையும் விதி ஆடும். 2019இல் இந்திய அணியில் ஆடும் பேறும், கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் இடமும் அவருக்கு வாய்த்தன. முன்னேறித் தாக்கி ஆடிப் பழகிய அவரைப் பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ் இடப்புற ஓரத்தில் நிறுத்தினார். பின்னே மூவர், நடுவே ஐவர், முன்னே இருவர் என்பது அவ்வணியின் வகுப்பு. அதில் ஓரத்தில் நிற்பவர் தாக்கும்போது எதிரியின் கோல் வரையும், காக்கும்போது தம் கோல் வரையும் ஓடவேண்டும். தாம் சிறந்து விளங்கிய இடத்தை விட்டு இவ்வுழைப்பை ஏற்பது எளிதன்று, அவர் ஏற்றார். 2020 மார்ச் 14ஆம் நாள் கோவாவின் மட்காவ் நகரில், கொரோனா அச்சத்தாற் பார்வையாளர் ஒருவருமில்லாத அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் ஏ.டி.கே. 3-1 என வென்று பட்டம் பெற்றது. தோற்ற அணி சென்னையின் சென்னையின் எஃப்.சி. என்பதை நம்மவர் சற்று வருத்தத்தோடு நினைவு கூர்வர்.

அதே ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் புதிய பருவத்தின் முதலாட்டம். ஏ.டி.கே. மோகன் பகான் அணி கேரளா பிளாஸ்டர்ஸ் அணியை எதிர்த்தது. ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகுமுன் சூசைராஜ் முழங்காலிற் காயமுற்று வெளியேறினார். முழங்காலினுள் தொடையெலும்பையும் கீழ்க்காலெலும்பையும் இணைக்கும் நார்கள் இரண்டு குறுக்காகப் பின்னிக் கிடக்கின்றன. ஓடுபவர் திடீரெனத் திரும்புகையில் கீழ்க்கால் முன்னே நழுவாதவாறு பிடித்து நிறுத்துவது அவற்றுள் முன்னுள்ள நார். அது முற்றும் அறுந்தால் பெரும்பாலும் தானே கூடுவதில்லை. உடலின் வேறிடத்திலிருந்து நாரெடுத்து, எலும்பிற் துளையிட்டுப் பொருத்தவேண்டும். பின்னர் நடக்கப் பழகி, ஓடப் பழகி, அதன்பின் திரும்பப் பழகவேண்டும். களத்திற்கு மீளப் பெரும்பாலும் ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகும். நடுக்களத்தாருக்குத் திரும்புதலே தொழிலாகையால், அவர்க்கு இக்காயம் கைத்தச்சனுக்கு விரல் போனதை ஒக்கும்.

அப்பருவம் முழுவதையும் அவர் இழந்தார். இருபத்தாறாம் வயதில், ஆற்றல் முதிர்ந்து நிற்கும் காலத்தில், பிறர் ஆடுவதைப் பார்த்திருக்க நேர்ந்தது. ஆயினும் மீண்டும் களத்திற்கு வந்தார். பின்னர் ஒடிஷா அணியின் சட்டையையும் அணிந்தார்.

அமிர்தியிலிருந்து திரும்புகையில் இவ்வரலாற்றை வண்டியில் மாணாக்கர்க்குச் சொல்லிவந்தோம். முள் தைத்த மாணாக்கன் ஒன்றே ஒன்று கேட்டான்: பொருத்திய நார் எத்தனை ஆண்டு தாங்கும் என்று.