பத்தாம் வகுப்புப் பாடம் ஆபீசுக்கும் வேணும், தங்கச்சி!

வேலை கிடைச்ச சந்தோஷத்துல ஸ்கூல் நோட்டையெல்லாம் எடைக்குப் போட்டிருப்பே. நோட்டு போகட்டும், அதுல இருந்ததை மறந்துடாதே. புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைங்க பெரிய வேலைகள்ல அவ்வளவா தடுமாறுறதில்லை. அதைத்தான் ஆபீசுலேயே சொல்லித் தர்றாங்களே. லீவு லெட்டர் எழுதுறது, சம்பளச் சீட்டைப் படிக்கிறது, ஒரு படிவத்தை அடித்தல் திருத்தல் இல்லாம நிரப்புறது, இதுலதான் திணறுறாங்க. அத்தனையும் பத்தாம் வகுப்புக்குள்ள படிச்சது! உனக்கு நேரமில்லைன்னு தெரியும், வேணுங்கிறதை மட்டும் சொல்றேன்.

1. அனுப்புநர், பெறுநர், பொருள்

மார்க்குக்காக மனப்பாடம் பண்ணினியே, அதே அமைப்புதான் இன்னைக்கு ஈமெயில். இதுல 'பொருள்' வரியைக் காலியா விடுற பழக்கத்தை இன்னையோட நிறுத்து. 'லீவு'ன்னு ஒத்தை வார்த்தையும் போடாதே. 'ஜூன் 12 முதல் 14 வரை மூன்று நாள் விடுப்பு'ன்னு போட்டா, மேலதிகாரி மெயிலைத் திறக்காமலேயே விஷயம் புரிஞ்சிடும்.

• ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம். சம்பளப் பாக்கியையும் லீவையும் ஒண்ணா எழுதினா ஒண்ணுக்குத்தான் பதில் வரும்.

• 'ஆவன செய்யவும்'னு முடிக்காதே. யாரு, என்ன, எந்தத் தேதிக்குள்ள செய்யணும்னு எழுது.

• கோபத்துல எழுதின மெயிலை உடனே அனுப்பாதே. மறுநாள் காலையில படிச்சா பாதி வரியை நீயே அடிச்சிடுவே.

அரசு அலுவலகத்துக்கு மனு போடவும் இதே அமைப்புதான். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு கேள்வி கேட்கப் பத்து ரூபாய் கட்டணமும், தேதி, கையெழுத்தோட ஒரு பக்க மனுவும் போதும். பொதுவா 30 நாளுக்குள்ள பதில் தரணும். எழுதத் தெரியலையேன்னு வாசல்ல உட்கார்ந்திருக்கிறவருக்குக் காசு கொடுக்கிறது எனக்குப் பிடிக்கவே இல்லை. நகல் ஒண்ணு கையில வெச்சுக்கோ, ஒப்புகைச் சீட்டு வாங்காம நகராதே.

2. சதவீதம்

சம்பளச் சீட்டுல கடைசி வரியை மட்டும் பார்த்துட்டு மூடி வைக்கிறவளா நீ? உட்காரு, இதைக் கேளு. பெரும்பாலான நிறுவனங்கள்ல அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில 12 சதவீதம் பி.எஃப்.புக்குப் பிடிப்பாங்க. கால்குலேட்டரைத் தேடாதே. 15,000 ரூபாய்னா பத்து சதவீதம் 1,500, ரெண்டு சதவீதம் 300, ஆக 1,800. சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்து இ.எஸ்.ஐ. பிடிச்சாங்கன்னா உன் பங்கு 0.75 சதவீதம். அதாவது 20,000 ரூபாய்க்கு 150. இதுக்கு மேல பிடிச்சிருந்தா ஏன்னு கேட்கலாம்.

ஆஃபர் லெட்டர்ல 'சி.டி.சி.'ன்னு ஒரு பெரிய எண் இருக்கும். முதலாளி கட்டுற பி.எஃப். பங்கையும் பொதுவா அதுலேயே சேர்த்திருப்பாங்க. அந்த எண்ணைப் பன்னிரண்டால வகுத்து, அதுதான் கைக்கு வரும்னு நம்பி வாடகை வீடு பார்க்காதே. 'கைக்கு எவ்வளவு வரும்?'னு சேர்றதுக்கு முன்னாடியே கேளு. இதுல கூச்சமே வேண்டாம்.

இன்னொண்ணு. பத்து சதவீதம் சம்பளத்தைக் குறைச்சுட்டு, அப்புறம் பத்து சதவீதம் கூட்டிக் கொடுத்தா பழைய சம்பளம் வந்துடாது. 30,000 முதல்ல 27,000 ஆகும், கூட்டினா 29,700தான்.

3. தனிவட்டி

வேலைக்குச் சேர்ந்த ஆறே மாசத்துல வண்டிக் கடன் வாங்கத் தோணும், அங்கேதான் மாட்டிக்கிறாங்க. 'வெறும் பத்து சதவீதம் ஃப்ளாட் வட்டி'ன்னு சொன்னா தலையாட்டாதே. ஒரு லட்சம் கடன், மூணு வருஷம்னு வெச்சுக்கோ. நீ மாசாமாசம் அசலை அடைச்சுக்கிட்டே வருவே. அவங்க மட்டும் கடைசி மாசம் வரைக்கும் முழு ஒரு லட்சத்துக்கும் வட்டி போடுவாங்க. மொத்த வட்டி 30,000, தவணை சுமார் 3,611.

அதே பத்து சதவீதத்தைக் குறையும் பாக்கிக்கு மட்டும் போட்டா தவணை சுமார் 3,227, மொத்த வட்டி ஏறக்குறைய 16,000. வித்தியாசம் 14,000 ரூபாய்க்குப் பக்கத்துல! அந்த ஃப்ளாட் பத்து, நிஜத்துல வருஷத்துக்குப் பதினெட்டு சதவீதம் அளவுக்கு வருது.

குறுக்கு வழி: தவணையை மாசக் கணக்கால பெருக்கு, வாங்கின கடனைக் கழி. மிச்சம் நிக்கிறதுதான் வட்டி. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதைச் செய்ய ஒரு நிமிஷம் ஆகாது. பரிசீலனைக் கட்டணம் இருந்தா அதையும் சேர்த்துக்கோ. தெருவுல 'ரெண்டு வட்டி'ன்னா மாசம் நூத்துக்கு ரெண்டு ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம்.

4. படிவம் நிரப்புதல்

தமிழ்ப் பரீட்சையில சும்மா கிடைக்கிற மார்க்குன்னு நினைச்சோமே, அது. நம்ம ஊர்ல வம்பே இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழ்ல இனிஷியல் முன்னாடி, ஆதார்ல பின்னாடி, பான் கார்டுல அப்பா பேரு முழுசா. வேலையை விட்டுட்டு பி.எஃப். பணம் எடுக்கப் போகும்போது, பேரு பொருந்தலைன்னு மனு திரும்பி வரும். அன்னைக்கு அழுது என்ன பண்றது? வேலையில சேர்ற வாரமே மூணையும் பக்கத்துல வெச்சு, எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பாரு. பிறந்த தேதியையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

5. சுருக்கி வரைதல்

மூன்றில் ஒரு பங்கா சுருக்கச் சொன்னாங்களே, மீட்டிங் முடிஞ்சதும் அதைச் செய். யாரு, என்ன, எப்போ, மூணு வரி போதும். மேலதிகாரிக்கு அஞ்சு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதே. அதைக் கேட்க யாருக்கும் பொறுமை கிடையாது.

6. சொல்வதை எழுதுதல்

போன்ல நம்பர், விலை, பேரு சொன்னா எழுதிட்டுத் திருப்பிப் படிச்சுக் காட்டு. 'பதினஞ்சா, அம்பதா?'ன்னு அப்பவே கேட்டுடு.

7. பூஜ்ஜியமும் காற்புள்ளியும்

ஏற்றுமதிக் கம்பெனியில வேலைன்னா இதைச் சுவத்துல ஒட்டி வை. பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன். நாம 1,00,000னு எழுதுறதை வெளிநாட்டுக்காரங்க 100,000னு எழுதுவாங்க. எக்செல் போடுற கூட்டலைக் கண்ணை மூடிட்டு நம்பாதே, மனசுக்குள்ள ஒரு தோராயக் கணக்கு போட்டு ஒத்துப் பாரு. ஃபார்முலா ஒரு வரிசையை விட்டிருந்தா அப்பதான் தெரியும்.

8. சந்தேகம் கேட்கிறது

கேட்கணும்னா முதல் வாரத்துலயே கேட்டுடு. ஆறு மாசம் கழிச்சுக் கேட்டா, இத்தனை நாளா என்ன பண்ணினேன்னு திருப்பிக் கேட்பாங்க.

எல்லாத்தையும் ஒரே நாள்ல செய்ய வேண்டாம். இந்த மாசச் சம்பளச் சீட்டை எடுத்து, பி.எஃப். கணக்கை நீயே பேப்பர்ல போட்டுப் பாரு. பொருந்தலைன்னா நாளைக்குக் காலையிலேயே ஹெச்.ஆர்.கிட்ட போய்க் கேளு. எழுத்துல கேளு, பொருள் வரி போட்டு.