காந்த சென்சாருக்கும் வெயில் ஆகாது!

சித்திரை வெயிலில் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பைக் சீட்டில் உட்கார முடியாது. அந்த வெயில் போன் திசைகாட்டி, கேட் அலாரம், கிளாம்ப் மீட்டர் இவற்றுக்குள் இருக்கும் காந்த சென்சாரையும் சும்மா விடாது. சூடேறினால் சென்சாரின் பூஜ்யம் நகரும். காந்தத்தின் பலமும் கொஞ்சம் குறையும். கருவி கெட்டுவிட்டதென்று கடைக்கு ஓடுமுன் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. மனையில் வாசல் வைக்கத் திசை பார்க்கிறீர்களா? பைக் ஹேண்டிலில் மாட்டி வெயிலில் வந்த போனில் உடனே பார்க்காதீர்கள். உறையைக் கழற்றி, நிழலில் 15 நிமிடமாவது வையுங்கள். சார்ஜ் போட்டபடி பார்ப்பதும் வேண்டாம். சூட்டோடு மின்னோட்டத்தின் காந்தமும் சேர்ந்துகொள்ளும்.

2. சீக்கிரம் ஆறட்டும் என்று பால்கோவா டப்பா பக்கத்தில், பிரிட்ஜுக்குள் போனை வைத்துவிடாதீர்கள். வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கொள்ளும். ஃபேன் காற்று போதும்.

3. ஆறிய பிறகே போனைக் காற்றில் 8 போட்டு நாலைந்து தடவை சுழற்றுங்கள். சூட்டோடு சுழற்றினால் அந்தச் சூட்டுக்குரிய பூஜ்யம்தான் பதியும். ஆறியதும் திசை மறுபடி தப்பும்.

4. சில செயலிகள் காந்தப்புலத்தை மைக்ரோடெஸ்லாவில் காட்டும். நம் பக்கம் சுமார் 40 வர வேண்டும். 60, 70 என்று ஏறினால் வெயிலைத் திட்டாதீர்கள். கம்பி கட்டிய தூணோ, இரும்பு பீரோவோ, காந்தம் வைத்த போன் உறையோ பக்கத்தில் இருக்கும். நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

5. மேற்குத் தொடர்ச்சி மலை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊருக்கும் மேற்கே. போன் அதைக் கிழக்கே காட்டினால் நம்பாதீர்கள். நுணுக்கமாகச் சரிபார்க்க மார்ச் 20, 21 அல்லது செப்டம்பர் 22, 23 தேதிகளில் விடியற்காலை எழுந்திருங்கள். சூரியன் நேர்கிழக்கில் உதிக்கும்.

6. சோலார் போட்ட வீடுகளில் டிசி கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டருக்குள் இருப்பது ஹால் சென்சார் என்னும் காந்த சென்சார். வண்டிப் பெட்டியில் வெந்துகிடந்த மீட்டர், ஒயரைப் பிடிக்காமலே கரண்ட் ஓடுவதாகக் காட்டும். ஆறவிட்டு, கிளாம்ப்பின் வாயில் ஒயர் இல்லாதபோது ஜீரோ பட்டனை அழுத்தி, பிறகு அளங்கள். ஒவ்வொரு தடவையும்.

7. மேற்குப் பார்த்த கேட்டின் அலாரம் காலையில் ஒழுங்காக இருந்து, மூணு மணிக்கு மட்டும் கத்துகிறதா? காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி கூடியிருக்கும். கறுப்பு ஃபெரைட் காந்தம் டிகிரிக்கு சுமார் 0.2 சதவீதம் பலம் இழக்கும். 30-லிருந்து 60 டிகிரிக்குப் போனால் 6 சதவீதம். ஆறியதும் திரும்பி வந்துவிடும். இடைவெளியைக் குறையுங்கள், வெயில் மறைக்க பிளாஸ்டிக் மூடி போடுங்கள். இரும்புத் தகடு கூடாது. காந்தப்புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

8. கிருஷ்ணன்கோவில் பக்கம் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு: புராஜெக்ட் சென்சாரோடு ஒரு வெப்பமானியும் ஒட்டுங்கள். சென்சாரை அசைக்காமல் காலை 6 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் அளவெடுத்தால், டிகிரிக்கு எவ்வளவு நகர்கிறது என்று தெரியும். அதைக் கழித்தால் மிச்சமே சரியான அளவு.

பெரிய ஆய்வகங்களுக்கும் இந்தச் சூட்டுக் கவலை உண்டு. மும்பை கொலாபாவில் இருந்த காந்த ஆய்வகத்தை, மின்சார டிராம் வந்தால் தொல்லையாகும் என்று 1904-ல் அலிபாக்குக்கு மாற்றினார்கள். அங்கே கருவி அறையைக் கட்டும்போது, உள்ளே சூடு ஏறி இறங்காதபடியும் பார்த்துக்கொண்டார்கள். நமக்கு அத்தனை வேண்டாம். ஒரு வேப்பமர நிழலும் கால் மணி நேரப் பொறுமையும் போதும்.