அஞ்சலை எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள்

அன்புள்ள இளம் நண்பருக்கு,

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில், தொகுதி மக்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். வரும் மின்னஞ்சல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து, ஒரே வாசகம் உள்ளவற்றைக் கட்டாகச் சேர்த்து, தயாராக இருக்கும் பதிலை அனுப்பிவிடும் மென்பொருள் உங்கள் மேசையில் இருக்கும். அதைச் சீக்கிரம் பழகிவிடுவீர்கள். ஆனால் எத்தனை பதில் போனது என்பதைக் கொண்டு உங்கள் வேலையை அளக்காதீர்கள். மக்கள் சொன்னதில் எது உறுப்பினரின் காதுக்கு எட்டியது என்று பாருங்கள். அந்தக் கருவி இருப்பதே அதற்காகத்தான்.

2001 அக்டோபரில் செனட்டர்கள் டாஷல், லீஹி ஆகியோருக்கு ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் அடங்கிய கடிதங்கள் அனுப்பப்பட்டன. அதன்பின் காகித அஞ்சல் கதிர்வீச்சால் சுத்திகரிக்கப்பட்டுத் தாமதமாகவே வரத் தொடங்க, மின்னஞ்சல் பெருகியது. 2008 செப்டம்பரில் வங்கி மீட்பு மசோதா வந்தபோது, மக்கள் குவிந்ததில் சபையின் இணையதளமே திணறியது. எழுதுவது எளிதாக ஆக, கேட்பது கடினமாகிவிட்டது. ஒரு தொகுதியில் ஏறத்தாழ 7,60,000 பேர். உறுப்பினர் வைத்துக்கொள்ளக்கூடிய நிரந்தர ஊழியர்களோ 18 பேர்தான்.

அமைப்புகள் எழுதிக்கொடுத்ததை அப்படியே அனுப்புகிறவர்களை ஏன் பொருட்படுத்த வேண்டும் என்று கேட்பார்கள். அந்த எண்ணிக்கையும் தொகுதியின் போக்கைக் காட்டும், தள்ளிவிட வேண்டாம். ஆனால் இன்னும் முடிவெடுக்காத உறுப்பினரை அசைப்பது, மசோதா தன் வாழ்க்கையை எப்படித் தொடும் என்று ஒருவர் சொந்தமாக எழுதும் கடிதமே. காங்கிரஸ் அலுவலக ஊழியர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். சிக்கல் எங்கே என்றால், அச்சு வாசகத்துக்கு மேலே மகளின் இன்சுலின் செலவைப் பற்றி மூன்று வரி சேர்த்தவரையும் மென்பொருள் அதே கட்டில் போட்டுவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு கட்டிலும் வாசகம் மாறியிருக்கும் மடல்களைத் தேடித் திறவுங்கள். அந்த மூன்று வரியை உறுப்பினருக்குப் போகும் வாராந்திரக் குறிப்பில் அப்படியே வையுங்கள்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. தயார்ப் பதில்கள் மிச்சப்படுத்தும் நேரம் இதற்கே உரியது. கொள்கையைப் பற்றி எழுதும் முன்னாள் படைவீரர் ஒருவர், கடைசி வரியில் தன் உதவித்தொகை நின்றுபோனதைச் சொல்லியிருக்கலாம். அவருக்குக் கொள்கை விளக்கம் மட்டும் போனால், அது பதிலே ஆகாது. உதவித்தொகை ஏன் நின்றது என்று துறையிடம் கேட்க வேண்டும். ஆனால் 1974-ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டப்படி, அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அரசுத் துறை உங்களிடம் விவரம் சொல்லாது. அந்தச் சம்மதத்தை இணையவழியே பெறுவதற்கான சட்டம் 2019-இல் கையெழுத்தானது. சம்மதப் படிவத்தை அன்றே அனுப்புங்கள்.

அரசிடம் முறையிடும் உரிமையை அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் 1791 முதல் காத்துவருகிறது. ஆனால் அந்த முறையீட்டைக் கேட்டே ஆக வேண்டும், பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கடமை அரசுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் சொல்லிவிட்டது. சட்டம் கட்டாயப்படுத்தாத அந்தக் கடமை, அஞ்சலைத் திறக்கும் உங்களை நம்பித்தான் இருக்கிறது. அதை ஏற்றுச் செய்யுங்கள்.

அன்புடன்.