வாகன விபத்தில் மார்பில் அடிபட்டால்

கரும்பு வெட்டுக் காலத்தில் கடலூர்–சிதம்பரம் சாலையில் பேருந்துகளுக்கிடையே கரும்பு டிராக்டர்களும் செல்கின்றன. பின்விளக்கு இல்லாத டிரெய்லரில் இரவில் மோதுவோருக்கும், வரப்பேறிக் கவிழ்ந்த டிராக்டரின் ஸ்டியரிங்குக்கு அடியில் சிக்குவோருக்கும் மார்பில் பலத்த அடிபடுவதுண்டு. ஆகவே பயிர்ப் பக்கத்தில் இதற்கும் சிறிது இடம் தேவை.

பம்புசெட்டின் உறிஞ்சு குழாயில் ஓட்டை விழுந்தால் காற்று வாங்கித் தண்ணீர் ஏறாது என்பதை உழவர்கள் அறிவர். மார்புக்கூட்டுக்குள்ளும் இத்தகைய உறிஞ்சு விசையே நுரையீரலை விரிக்கிறது. முறிந்த விலா எலும்பு நுரையீரலைக் குத்தினால் காற்று கசிந்து இடையில் தங்கி, நுரையீரல் சுருங்கிவிடும். அக்காற்று புட்வால்வில் அடைபட்டதுபோல் வெளியேற வழியின்றிப் பெருகினால் இதயமும் அழுந்தும். சில நிமிடங்களில் உயிர் போகலாம். ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் உள்ளேயே தேங்கினாலும் வெளியில் ஒரு சொட்டும் தெரியாதிருக்கலாம்.

அடிபட்டவரின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். ஓய்விலுள்ள பெரியவருக்கு 12 முதல் 20 வரை இருக்கும். 30-ஐத் தாண்டினால் ஆபத்து. உதடு நீலமாதல், மார்பின் ஒரு பக்கம் ஏறாமை, மூச்சு இழுக்கையில் ஒரு பகுதி மட்டும் உள்வாங்குதல், இருமலில் இரத்தம், குளிர்ந்த வியர்வை ஆகியவையும் அவ்வாறே.

உடனே 108-ஐ அழையுங்கள். நினைவோடு மூச்சுத் திணறுபவர் தமக்கு வசதியாகச் சாய்ந்திருக்கட்டும். கழுத்து, முதுகில் வலியென்றால் அசைக்காதீர்கள். மார்பைத் துண்டால் இறுக்கிக் கட்டுவது நம் ஊர்களில் வழக்கம். அது மூச்சை மேலும் குறைக்கும். குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்கக் கூடாது. காற்று இழுக்கும் புண்ணை பாலிதீன் வைத்து முழுதும் அடைத்துவிடாமல் திறந்தே விடலாம்; இரத்தம் பெருகினால் மட்டும் துணியால் அழுத்துங்கள். சோடா, காப்பி எதுவும் வேண்டாம்.

எழுந்து நடந்தவரையும் "வெறும் வலிதான்" என்று வீட்டுக்கு அழைத்துச் சென்று பத்துப் போடாதீர்கள். கீழ் விலாக்களின் அடியில் வலப்புறம் கல்லீரலும் இடப்புறம் மண்ணீரலும் உள்ளன. முதியவர்கள் வலிக்குப் பயந்து இருமாமல் படுத்திருந்தால் சளி தேங்கி நுரையீரல் அழற்சி காணும்.

கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையும், அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்படி, சாலை விபத்தில் சிக்கியவருக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை இலவசம். மருத்துவர் விலா இடுக்கில் குழாய் செலுத்தி, நீருள்ள பாட்டிலில் இணைப்பார். குமிழி வந்தால் உறவினர் பதற வேண்டாம்; அடைபட்ட காற்று வெளியேறுகிறது. பாட்டிலை மட்டும் மார்பு மட்டத்துக்கு மேல் தூக்காதீர்கள்.