செட் மாத்திரை தந்த தெம்பு

முடக்குவாதத்தில் கை வீங்கினால் ஊர் நம்பும். விரல் கோணினால் இரக்கப்படும். அசதியை மட்டும் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். பசுவந்தனையில் எங்கள் தெருவில் 'மேனி நோகாதவள்' என்று எனக்குப் பட்டம் கிடைத்தது அந்த அசதியால்தான். பட்டம் கொடுத்தவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேலை செய்து வருகிற களைப்பு ராத்திரி தூங்கினால் போய்விடும். இந்த அசதி நாம் எழுந்திருக்கும்போது கூடவே எழுந்திருக்கும். காரணம் இருக்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, மூட்டின் உள்சவ்வைப் பகையாளி என்று நினைத்துத் தாக்குவதுதான் இந்த நோய். அந்தச் சண்டையில் உண்டாகிற ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து உடம்பு பூராவும் சுற்றுகின்றன. காய்ச்சலில் அடித்துப் போட்ட மாதிரி கிடக்கிறோமே, ஏறக்குறைய அதே வேலையைத் தினமும் செய்கின்றன. இதோடு ரத்தசோகை சேரும். வலியில் தூக்கமும் கெடும். அப்புறம் எங்கிருந்து தெம்பு வரும்?

2006-ல் சிக்குன்குனியா தமிழ்நாட்டையே போட்டு ஆட்டியது. அதற்குச் சில வருஷம் கழித்து எனக்கு விரல் கணுக்கள் வீங்கின. "அந்தக் காய்ச்சலோட மிச்சம்தான் தாயி, நிலவேம்புக் கசாயம் குடி" என்று ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு டாக்டர், "வயசாகுதுல்ல" என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். யாரும் கேட்காத கேள்விகளை இப்போது நான் கேட்கிறேன். காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறதா? இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்குகிறதா? ஆறு வாரம் தாண்டியும் விடவில்லையா? அப்படியானால் கசாயத்தை வைத்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். 'ஆர்.ஏ. ஃபாக்டர் இல்லை' என்று முடிவு வந்தாலும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமலும் இந்த நோய் வரும்.

இனி பொட்டலத்துக் கதை. அது தை மாதம், உளுந்து எடுப்பு. கரிசல்காட்டில் தை மாதம் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெற்று முற்றிவிட்டால் வெயில் ஏற ஏற வெடித்துக் கொட்டும். கூலிக்கு ஆள் கிடைக்காது. செடியைப் பிடித்துப் பிடுங்க எனக்கு விரல் மடங்கவில்லை. வரப்பில் உட்கார்ந்தேன். எங்கள் மதினி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "வேலைன்னா மட்டும் இவளுக்கு நோவு வந்துரும்."

அன்றைக்குச் சாயங்காலமே மருந்துக்கடைக்குப் போனேன். சீட்டு கேட்கவில்லை, நோய் என்ன என்றும் கேட்கவில்லை. காகிதத்தில் மடித்து செட் மாத்திரை தந்தார்கள். சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, மிளகைவிடச் சற்றுப் பெரிதாக வெள்ளையில் ஒன்று. மறுநாள் விடியும்போது விரல் மடங்கியது. அதைவிட அதிசயம், அசதியைக் காணோம். உளுந்து பிடுங்கினேன், களத்தில் காயப் போட்டேன், வீட்டுக்கு வந்து சமைத்தேன். "இப்பத்தான் மனுசி மாதிரி இருக்கா" என்று மதினியே சொன்னார். உளுந்து முடிந்து மாசியில் வத்தல் எடுப்பு வந்தது, பொட்டலமும் தொடர்ந்தது. முகம் உருண்டு கன்னம் பூரித்தது. "சதை போட்டு நல்லாயிட்டே" என்றார்கள். அது ஸ்டீராய்டின் வீக்கம் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கொடுத்தவருக்குத் தெரியும்.

ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போன இடத்தில் மாத்திரை தீர்ந்தது. வாந்தி, தலைசுற்றல், எழுந்தால் கண் இருட்டல். பந்தியில் சாய்ந்தவளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தது பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில். "சின்னதா வெள்ளை மாத்திரை சாப்பிட்டீங்களாம்மா?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி. நம் சிறுநீரகத்தின் மேல் இருக்கிற அட்ரீனல் சுரப்பி தினமும் கொஞ்சம் ஸ்டீராய்டைத் தானே சுரக்கிறது. வெளியிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் அது வேலையை நிறுத்திவிடும். திடீரென்று மாத்திரையும் நின்றால் உடம்பில் இரண்டும் இருக்காது. ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். சர்க்கரையும் அப்போதுதான் ஏறியிருந்தது தெரிந்தது. பொட்டலத்துத் தெம்பு கந்துவட்டிப் பணம். கையில் வாங்கும்போது நம் பணம் மாதிரியே இருக்கும்.

நோயை நிறுத்துகிற மருந்தைத் தொடங்கியிருக்க வேண்டிய மாதங்களும் அதில் போயின. என் வலது கையில் இரண்டு விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்துவிட்டன. அவை இனி நேராகாது.

படித்தவர்கள், "ஏம்மா ஏமாந்தே?" என்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கண்ணெதிரே உளுந்து வெடித்துக் கொட்டும்போது எந்தச் சம்சாரி வீட்டுப் பெண் அந்தப் பொட்டலத்தை வேண்டாம் என்பாள்? நான் மட்டுமா? 1948-ல் அமெரிக்காவில் பிலிப் ஹெஞ்ச் என்ற டாக்டர் முடக்குவாத நோயாளி ஒருத்திக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950-ல் ஹெஞ்சுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதன் கேடுகள் அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. ஸ்டீராய்டு விஷம் என்று நான் சொல்லவில்லை. மற்ற மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை டாக்டர்கள் அளந்து கொடுப்பார்கள், படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். பெயர் தெரியாமல் பொட்டலத்தில் வாங்குவதுதான் கேடு. ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்தாதீர்கள். மிச்சப் பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

நோயை நிறுத்துகிற மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். மறந்து தினமும் சாப்பிட்டால் உயிருக்கு ஆபத்து. காலண்டர் தாளில் அந்தக் கிழமையைச் சுழித்து வையுங்கள். ஃபோலிக் ஆசிடை டாக்டர் சொன்ன வேறு நாளில் போடுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், அதற்குள் கைவிடக் கூடாது. ரத்தமும் ஈரலும் அவ்வப்போது பார்க்கணும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிட்டால் கண்ணும் பார்க்கணும். பிள்ளை பெறுகிற வயது என்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், கர்ப்பத்தில் மெத்தோட்ரெக்சேட் ஆகாது. மாத்திரை போட்ட மறுநாள் சிலருக்கு ஆளைச் சாய்க்கும். நான் ராத்திரியில் போட்டுக்கொள்கிறேன், மறுநாளைக்குப் பெரிய வேலை வைத்துக்கொள்வதில்லை.

அசதியை எப்படிச் சமாளிப்பது? நல்ல நாளில்தான் ஜாக்கிரதை வேண்டும். தெம்பாக இருக்கிறதே என்று துணி துவைத்து, வீடு மெழுகி, வத்தலும் காயப் போட்டால் அடுத்த இரண்டு நாள் பாயோடு பாய்தான். இருக்கிற தெம்பில் பாதிக்கு மேல் செலவழிக்காதீர்கள். விடியலில் கையை வெந்நீரில் வைத்திருந்து, வெயில் ஏறிய பிறகு கடின வேலையைத் தொடுங்கள். உட்கார்ந்து செய்ய முடிந்ததை நின்று செய்யாதீர்கள். பெரிய குடத்துக்குப் பதில் சின்னக் குடம். கிரைண்டர் குழவியை வீட்டு ஆம்பிளைகள் தூக்கட்டும். அதற்காக நாள் முழுக்கப் படுத்தும் கிடக்காதீர்கள், படுக்கப் படுக்க அசதி கூடும். மழை பெய்த மறுநாள் மட்டும் காட்டுக்குள் இறங்காதீர்கள். ஈரக் கரிசல் காலில் அப்பி ஆளுக்குப் பாரமாகிவிடும், வீங்கிய கணுக்கால் அதைத் தாங்காது. தார்ரோட்டில் நடங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நடந்தால் அசதி குறைகிறது என்பது நான் கண்டது, டாக்டர்களும் சொல்வது. ஹீமோகுளோபின் என்ன என்று கேளுங்கள். அது குறைந்திருந்தால் ஓய்வு எடுத்து மட்டும் பயனில்லை.

ஐப்பசி கார்த்திகையில் காய்ச்சல் வந்தால் நம் கணக்கு வேறு. நம் மருந்து எதிர்ப்பு சக்தியை அடக்கி வைத்திருக்கிறது. உடனே டாக்டரைக் கேளுங்கள், அந்த வார மெத்தோட்ரெக்சேட்டைத் தள்ளிப்போடச் சொல்லலாம். காய்ச்சலுக்குப் பார்க்கிற டாக்டரிடம் நம் மாத்திரைப் பெயர்களைக் காட்டுங்கள். சில ஆன்டிபயாடிக் மெத்தோட்ரெக்சேட்டோடு சேரவே கூடாது. டெங்குவாக இருந்தால் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். வருஷத்துக்கு ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசி போடலாமா என்றும் கேட்டு வையுங்கள்.

நான் கடைசியில் செய்த காரியம், பாதிப் புஞ்சையைக் குத்தகைக்கு விட்டது. "இருக்கிற நிலத்தை அடுத்தவன் உழ விட்டுட்டா" என்று பேசினார்கள், இன்னும் பேசுகிறார்கள். பேசட்டும். 1967-ல் உலகத்திலேயே முதன்முதலாக மனிதனுக்கு மனித இதயத்தை மாற்றி வைத்த கிறிஸ்டியன் பர்னார்டுக்கும் இதே நோய்தான். விரல்கள் ஒத்துழைக்காமல் 1983-ல் அறுவைச் சிகிச்சையையே விட்டார். அவரைச் சோம்பேறி என்று எங்கள் மதினி சொல்வாரா?

மதினிக்கு இப்போது முழங்கால் வலி. போன வாரம் மருந்துக்கடைக்குக் கிளம்பியவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து இவ்வளவையும் சொன்னேன். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன்: அட்டையும் பெயரும் இல்லாத மாத்திரையை வாயில் போடாதீர்கள். வீட்டில் ஒருத்தி அசதி என்று உட்கார்ந்தால், அவள் பிடுங்க வேண்டிய இரண்டு நிரையைப் பேசாமல் நீங்கள் பிடுங்கிக் கொடுங்கள்.