படப்பட்டியலும் பல கைகளும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

ஒரு புகைப்படம் எடுக்க ஒரு நொடி போதும். அதில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த நாள், எதற்காக எடுக்கப்பட்டது என்னும் செய்திகளைக் காப்பாற்றுவதே கடினமான வேலை. இன்று கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் புகைப்படக்காரர்தான். நாட்டு நலப்பணித் திட்ட முகாமாயினும், துறைச் சுற்றுலாவாயினும், விளையாட்டு விழாவாயினும் நான்கைந்து பேர் படம் எடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் படங்கள் சேர்கின்றன. அவற்றை ஒழுங்குபடுத்துபவர்களும் அந்த நான்கைந்து பேரே. இவ்வாறு ஒரு சிறு குழுவினர் ஒரே படப்பட்டியலைப் பகிர்ந்துகொள்ளும்போது எழும் சிக்கல் யாது, அதைத் தீர்க்கும் வழிகள் யாவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பட்டியல் வேறு, படம் வேறு

முதலில் பட்டியல் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இதற்கு நூலகமே நல்ல உதாரணம். கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். இரங்கநாதன், நூல்களை வகைப்படுத்துவதற்கென்றே ஒரு முறையை வகுத்து 1933-இல் வெளியிட்டார். வகைப்படுத்திய நூல் அலமாரியில் இருக்கும். அதன் பெயர், ஆசிரியர், வகுப்பெண் ஆகியவை இழுப்பறையில் உள்ள அட்டையில் இருக்கும். அட்டை தொலைந்தால் நூல் அழிவதில்லை. ஆனால் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிதாகிவிடும்.

அந்த அட்டைப் பெட்டிகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. அட்டைகளின் அடிப்பகுதியில் உள்ள துளைகள் வழியே ஒரு கம்பி கோக்கப்பட்டிருக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். ஆனால் அட்டையை உருவி எடுக்க முடியாது. மாற்றுவதும் சேர்ப்பதும் நூலகரின் பொறுப்பு. படிப்பவர் பலர், எழுதுபவர் ஒருவர் என்னும் இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் கணிப்பொறிச் செய்திகள் எளிதில் விளங்கும்.

அடோபி நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'லைட்ரூம்' என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். இதன் மேசைக் கணிப்பொறி வடிவம் 2017 முதல் 'லைட்ரூம் கிளாசிக்' எனப்படுகிறது. இதில் படங்கள் வட்டில் அவற்றுக்குரிய கோப்புறைகளிலேயே இருக்கும். படம் எங்கே உள்ளது, யார் எடுத்தார், அதன் விளக்கம், குறிச்சொற்கள், எத்தனை நட்சத்திர மதிப்பு, வெளிச்சத்தைக் கூட்டியதும் குறைத்ததும் எவ்வளவு ஆகிய அனைத்தும் பட்டியல் என்னும் தனித் தரவுத்தளக் கோப்பில் பதிவாகும். மூலப் படத்தின் காட்சி மாறுவதில்லை. ஆகவே குழுவின் உழைப்பு முழுவதும் அந்த ஒரு கோப்பில் தங்கியிருக்கிறது எனலாம்.

ஏன் இவ்வளவு கவலை?

படம் இருந்தால் போதாதா, பட்டியல் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் வீட்டில் என் தாத்தாவின் படம் ஒன்று இருக்கிறது. அவரோடு மூன்று பேர் நிற்கிறார்கள். அவர்கள் யார் என்பது பாட்டிக்கு மட்டுமே தெரியும். படத்தின் பின்புறத்தில் பெயர்களை எழுதி வைக்க, எழுதத் தெரிந்தவர் அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. பாட்டி காலமான பிறகு படம் இருக்கிறது. அந்த மூன்று பெயர்களும் போய்விட்டன.

1995-இல் வந்த 'எக்ஸிஃப்' என்னும் முறைப்படி, எடுத்த நாளையும் நேரத்தையும் கேமரா தானாகவே படத்தில் பதிந்துவிடுகிறது. ஆனால் நிற்பவரின் பெயரைக் கேமரா அறியாது. அதை மனிதர்தான் எழுத வேண்டும். அவ்வாறு ஒருவர் கேட்டறிந்து எழுதியதை இன்னொருவரின் கணிப்பொறி அழித்துவிடலாம் என்பதே நாம் ஆராய வேண்டிய சிக்கலாகும்.

தொலைந்த திருத்தம்

ஒரு குழுவில் இருவர் ஒரே பட்டியலின் நகலைத் தத்தம் கணிப்பொறியில் காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 40 படங்களுக்குப் பெயர் எழுதி 11 மணிக்குப் பொதுக் கோப்புறையில் சேமிக்கிறார். இரண்டாமவர் வேறு 30 படங்களுக்குக் குறிச்சொல் இட்டு 11.30-க்கு அதே பெயரில் சேமிக்கிறார். இரண்டாமவரிடம் இருப்பது 10 மணி நிலையிலான நகல். அதில் முதலாமவரின் 40 பெயர்கள் இல்லை. அவர் சேமித்த அந்தக் கணத்தில் அவை மறைந்துபோகின்றன. எந்த எச்சரிக்கையும் வராமலே இது நடந்துவிடலாம். தரவுத்தளப் பாடத்தில் இதற்குத் 'தொலைந்த திருத்தம்' என்று பெயர்.

லைட்ரூம் கிளாசிக்கின் பட்டியல், ரிச்சர்டு ஹிப் 2000-இல் உருவாக்கிய 'எஸ்க்யூலைட்' என்னும் தரவுத்தள வகையைச் சேர்ந்தது. இதில் ஒரே நேரத்தில் பலர் படிக்கலாம். எழுதுவதற்கு ஒருவருக்கு மட்டுமே இடமுண்டு. ஒருவர் எழுதும்போது கோப்புக்குப் பூட்டு விழும். ஒரே கணிப்பொறிக்குள் இப்பூட்டு நன்றாக வேலை செய்கிறது. வலைப்பின்னல் வழியே கோப்பைத் திறந்தால் பூட்டுச் செய்தி சரியாகப் போய்ச் சேரும் என்பதற்கு உறுதியில்லை, கோப்பே சிதைந்துபோகலாம். இதனால்தான் வலைப்பின்னல் வட்டில் வைத்த பட்டியலை லைட்ரூம் கிளாசிக் திறக்க மறுக்கிறது. படங்களை அத்தகைய வட்டில் வைப்பதற்குத் தடையில்லை.

டிராப்பாக்ஸ் போன்ற ஒத்திசைவுக் கோப்புறையில் வைத்தால் என்ன? இருவர் ஒரே நேரத்தில் மாற்றினால், 'முரண்பட்ட நகல்' என்று இரண்டாவது கோப்பு ஒன்று தோன்றும். இரண்டு பேரின் உழைப்பும் தப்பும். ஆனால் இரு கோப்புகளையும் இணைக்கும் வேலை நம் தலையில் விழும்.

மூன்று வழிகள்

முதல் வழி, முறை வைத்துக்கொள்வது. பட்டியலையும் படங்களையும் ஒரு வெளிவட்டில் வைத்து, வட்டு யாரிடம் இருக்கிறதோ அவரே எழுதுவது என்று விதி செய்யலாம். கையில் வட்டு இல்லாதவர் எழுத இயலாது. நூலகக் கம்பியின் வேலையை இங்கே வட்டு செய்கிறது. இரண்டு அல்லது மூன்று பேருக்கு இதுவே போதுமானது.

இரண்டாம் வழி, பிரித்துச் செய்து பின் இணைப்பது. முதல் நாள் படங்கள் ஒருவருக்கு, இரண்டாம் நாள் படங்கள் இன்னொருவருக்கு என்று பங்கிட்டு, ஒவ்வொருவரும் தனிப்பட்டியல் தொடங்கலாம். முடிந்தபின் பொறுப்பாளர் அவற்றைத் தலைமைப் பட்டியலில் சேர்ப்பார். பங்குகள் ஒன்றன்மேல் ஒன்று விழாதவரை திருத்தம் தொலையாது. குறிப்புகளைப் படத்தோடு அனுப்ப, அடோபி 2001-இல் அறிமுகப்படுத்திய 'எக்ஸ்எம்பி' முறை உதவும். விளக்கம், குறிச்சொல், நட்சத்திரம், வெளிச்சத் திருத்தம் ஆகியவை இதில் செல்லும். படத் தொகுப்புகளும் ஒரே படத்தின் மெய்நிகர் நகல்களும் செல்லா. அவை பட்டியலில் மட்டுமே வாழ்பவை.

மூன்றாம் வழி, நடுவில் ஒரு பரிமாறிக் கணிப்பொறியை அமர்த்துவது. இங்கே யாரும் பட்டியல் கோப்பை நேரே தொடுவதில்லை. எல்லோரும் பரிமாறியிடம் விண்ணப்பிக்கிறார்கள். அது வரிசைப்படி எழுதுகிறது. எட்கர் காட் 1970-இல் வகுத்த உறவுமுறைத் தரவுத்தளக் கொள்கையும், 1998-இல் டூரிங் பரிசு பெற்ற ஜிம் கிரேயின் பரிவர்த்தனை ஆய்வுகளும் இதற்கு அடித்தளமாயின. 2002-இல் தொடங்கிய 'பிவிகோ' என்னும் இலவச மென்பொருள் இவ்வகையைச் சேர்ந்தது. 2004-இல் தொடங்கிய விக்கிமீடியா காமன்ஸ் இதன் மாபெரும் வடிவம் எனலாம். அங்கே ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அதே வரியை மாற்றிச் சேமித்துவிட்டால், பின்னால் சேமிக்க வருபவருக்குத் 'தொகுத்தல் முரண்' என்று அறிவிப்பு வரும். இருவர் எழுதியதையும் பார்த்து அவரே முடிவு செய்யலாம். ஆயினும் பரிமாறி எப்போதும் இயங்க வேண்டும். அதைப் பராமரிக்கவும் ஒருவர் வேண்டும். நான்கு மாணவர்களுக்கு இது பெரும்பாலும் தேவையற்ற சுமையே.

சொல்லிலும் ஒற்றுமை வேண்டும்

பூட்டும் பரிமாறியும் தீர்க்க முடியாத குறை ஒன்றுண்டு. ஒருவர் 'கோயில்' என்றும், மற்றவர் 'கோவில்' என்றும், மூன்றாமவர் 'ஆலயம்' என்றும் குறிச்சொல் இட்டால், ஒரே கோபுரத்தின் படங்கள் மூன்று இடங்களில் சிதறும். தேடுபவர் ஒரு சொல்லை இட்டு, கிடைத்ததே அனைத்தும் என்று நம்பிவிடுவார்.

தமிழுக்கே உரிய நுட்பமான தொல்லையும் இருக்கிறது. ஒருங்குறியில் 'கோ' என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பின் நெடில் வடிவமாகிய ஏகாரக் குறியும் காலும் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவற்றைச் சமமாக்காத மென்பொருளுக்கு அவை வெவ்வேறு சொற்கள். எனவே வேலையைத் தொடங்கும் முன்பே குழுவினர் கூடி, பயன்படுத்த வேண்டிய சொற்களை ஒரு பக்கத்தில் எழுதி வைத்து, அதிலிருந்தே தேர்ந்தெடுத்து இடுவது நல்லது.

செய்ய வேண்டியவை

சிறு குழுவினர் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. பட்டியலுக்கு ஒரே ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் பொறுப்பு என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

2. கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், எடுத்தவரின் அடையாளம் என்னும் வரிசை இருக்கட்டும். இருவரின் படங்கள் ஒரே பெயரில் மோதாது.

3. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் படம் சுருங்குவதோடு எக்ஸிஃப் குறிப்புகளும் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வந்து சேரும்.

4. பெயர்களை அன்றே, அந்த இடத்திலேயே, தெரிந்தவரிடம் கேட்டு எழுத வேண்டும். முகாம் முடிந்து ஊர் திரும்பிய பின் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார்.

5. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய விதிப்படி மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில் என்று காக்க வேண்டும். படங்களுக்கு மட்டுமன்றிப் பட்டியலுக்கும் இவ்விதி பொருந்தும்.

முடிவுரை

விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலே ஒரு சிறு குழு தன் படப்பட்டியலைப் பழுதின்றிப் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதை மேலே கண்டோம். எழுதும் உரிமை எந்த நேரத்தில் யாருக்கு என்பதைத் தெளிவாக்குவதே இதன் உயிர்நாடி. அதைச் சிறு குழுவில் ஓர் உடன்பாடு செய்துவிடும். பெரிய குழுவில் பரிமாறி செய்யும். இரண்டும் இல்லாத இடத்தில் ஒருவரின் உழைப்பை இன்னொருவர் அறியாமலே அழித்துவிடுவார். அடுத்த முகாமுக்குப் புறப்படும்போது படம் எடுப்பவர் யார் என்று முடிவு செய்வதற்கு முன்பாக, பெயர் எழுதுபவர் யார் என்று முடிவு செய்வோமாக. நமக்குப் பின் இக்கல்லூரிக்கு வரும் மாணவர்கள் அப்படங்களைத் திறக்கும்போது, முகங்களோடு பெயர்களும் அவர்களுக்குக் கிடைக்கட்டும்.