பாட்டைக் கழித்தால்தான் ஆல்பம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய 14 பாட்டுகளையும் கேட்டேன். தனித்தனியாக நன்றாகத்தான் இருக்கின்றன. சேர்த்துக் கேட்டால் 14 குழுக்கள் ஆளுக்கொன்று பாடிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. இந்த முறை எல்லாமே சொந்த அனுபவம் என்று எழுதியிருந்தாய். அதற்காக அப்பாவோடு போட்ட சண்டையைத் தேதிவாரியாகப் பாட வேண்டுமா?

வாம்பயர் வீக்கெண்ட் குழுவின் 'மாடர்ன் வாம்பயர்ஸ் ஆஃப் தி சிட்டி'யைக் கேள். 2013-இல் வந்தது, அவர்களுடைய மூன்றாவது ஆல்பம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒன்றுசேர்ந்த நால்வர் குழு அது. 2008-இல் வந்த முதல் ஆல்பத்தில் கல்லூரி வளாகமும் கடற்கரை விடுமுறையும் ஆப்பிரிக்க கிதார் சாயலுமாகத் துள்ளினார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று பெயர். வெறும் கெட்டிக்காரத்தனம் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. மூன்றாவதில் அதே குழுவின் பாடகர் எஸ்ரா கோயெனிக் வயதாவதையும் சாவையும் பாடுகிறார், கடவுளோடு வழக்காடுகிறார்.

அதில் 'ஹன்னா ஹன்ட்' என்ற பாட்டை மட்டும் பத்து முறையாவது கேள். அமெரிக்காவின் குறுக்கே ஒரு ஜோடி பயணம் போகிறது. இருவருக்கும் நடுவில் என்ன கெட்டுப்போனது என்று கடைசிவரை விளக்குவதில்லை. பாதிப் பாட்டுக்கு மேல் குரல் அடங்கியே போகிறது; பிறகுதான் பியானோவும் டிரம்ஸும் ஓங்க, கோயெனிக் குரலை உச்சத்துக்கு ஏற்றி உடைய விடுகிறார். வரியில் சொல்லாததைக் குரல் சொல்லிவிடுகிறது. நீயோ முதல் சரணத்திலேயே கத்தித் தீர்த்துவிடுகிறாய்.

ஒருமைக்கு வருவோம். அந்த ஆல்பத்தின் தயாரிப்பில் குழுவின் ரோஸ்டம் பட்மங்லிஜோடு ஏரியல் ரெக்ட்ஷைடும் சேர்ந்தார். வெளியாள் ஒருவர் சேர்ந்தது அதுதான் முதல்முறை. பழைய பாட்டின் சாயல் தெரிந்தால் அந்த யோசனையைத் தூக்கிப் போட்டார்கள். ஆர்கன், ஹார்ப்சிகார்டு, சுருதி மாற்றிய குரல் என்று சில ஒலிகள் ஆல்பம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகின்றன. அட்டையில்கூட 1966-இன் புகைமூட்டத்தில் மூழ்கிய நியூயார்க். அதற்காக எல்லாம் மந்தமாக இல்லை. நடுவில் 'டயேன் யங்' என்ற பாட்டு தறிகெட்டு ஓடுகிறது. வேகம் மாறலாம், சாவைப் பற்றிய கவலை மாறவில்லை.

உன் 14-இல் ஐந்தையாவது எடுத்துவிடு. மேடையில் கைதட்டல் வாங்கினாலும் மற்றவற்றோடு ஒட்டாத அந்த வேகப் பாட்டுதான் முதலில் போக வேண்டும். தனி சிங்கிளாக விட்டுக்கொள். மீதிப் பாட்டுகள் எல்லாவற்றுக்கும் டிரம்ஸை ஒரே அறையில், ஒரே மைக் அமைப்பில் மறுபடி பதிவு செய். உங்கள் குழுவுக்குள் பாராட்டு மட்டும்தான் நடக்கிறது போலிருக்கிறது, அதனால் வெளியாள் ஒருவரை உட்காரவை. மிக்ஸிங்குக்கு அனுப்புமுன் புது வரிசையை எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்